லேசான வேலைக்காரிகள்

எங்கள் சலவை ஆலை இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இளவட்டங்கள் இரும்புக் குண்டுகளைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கிறார்கள். அதற்கு மாதாமாதம் காசு வேறு கட்டுகிறார்களாம். இந்த வயசில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் நின்று பார்ப்பேன். மூலையில் ஒரு பெண் குனிந்து குனிந்து நிமிர்கிறாளே, அது ஹெட்விக் நின்ற இடம். பிழியும் எந்திரம் அங்கேதான் இருந்தது. சிரிப்பு வரும்.

அப்போது ரூர் நிலக்கரிப் பகுதியில் எங்கள் ஊர் என்றால் சுரங்கம்தான். ஆண்கள் எல்லாரும் மண்ணுக்குக் கீழே நிலக்கரி வெட்டினார்கள். பெண்களில் பாதிப் பேர் ஓவர்காம்ப் முதலாளியின் சலவை ஆலையில் ஆஸ்பத்திரித் துணி துவைத்தோம். நானும் ஹெட்விக் பியொன்டெக்கும் ஒரே எந்திரத்தில் ஜோடி. வீடும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மரவேலி மட்டும். வேலையில் பேசி முடிக்காததை வேலியில் பேசி முடிப்போம்.

வேலை இதுதான். துவைத்த படுக்கை விரிப்புகளைப் பிழியும் எந்திரம் சுழற்றி முடித்ததும் எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். இடுப்பளவு தொட்டிக்குள் தலையை விட்டு, அந்த ஈர முறுக்கை இழுத்து எடுக்க வேண்டும். பிறகு ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, கையை உயர்த்தி, படாரென்று உதறி, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு அடுத்தது. உருளை யாருக்காகவும் நிற்காது. ஆவியில் முகம் வெந்துவிடும், ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் எங்கள் கூலி ஒப்பந்தத்தில் ஒரு அழகான பெயர் வைத்திருந்தார்கள்: முதல் பிரிவு, உடலுக்கு லேசான வேலை.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். முன்னே ஒப்பந்தத்தில் பெண்களுக்கு இவ்வளவு குறைவு என்று பச்சையாகவே எழுதியிருந்தார்கள். அப்படி எழுதக்கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சரி என்று முதலாளிகள் சங்கமும் யூனியனும் மேசையில் உட்கார்ந்து, ‘பெண்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘லேசான வேலை’ என்று எழுதிக்கொண்டார்கள். லேசான வேலை செய்வது யார்? நாங்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் நாங்கள். எங்களுக்குப் பக்கத்தில் துணிவண்டி தள்ளிய ஆள் மூன்றாம் பிரிவு; பிரிவு எண் ஏற ஏறக் கூலியும் ஏறும். வண்டிக்குச் சக்கரம் இருந்தது. அது அவனுக்குக் கஷ்டமான வேலையாம்.

ஹெட்விக்குக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. பதினைந்து வருஷமாக அந்தத் தொட்டிக்குள் தலையை விட்டவள். “எர்னா, காசு ஒரு பக்கம் கிடக்கட்டும்டி. சம்பளச் சீட்டுல மாசாமாசம் ‘லேசு’ன்னு போட்டு அனுப்புறான் பாரு, அதைப் பாத்தாத்தான் பத்திக்கிட்டு வருது” என்பாள். ஆனால் காசும் ஒரு பக்கம் கிடக்கவில்லை. அடுத்த வருஷம் எங்கள் சுரங்கத்தை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அவள் புருஷன் அலோயிஸ் நிலக்கரி வெட்டுவதில் பேர்போனவன். வேறு எந்த வேலையும் தெரியாதவன். இனி அந்த வீடு ஹெட்விக்கின் கையை நம்பித்தான் ஓட வேண்டும். முதல் பிரிவுக் கூலியில் வாடகை கொடுத்தால் உருளைக்கிழங்கு வாங்க மிஞ்சாது.

யூனியனில் ட்ரோகெ என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், நல்லவர், ஓயாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். அவர்தான் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து வழி சொன்னார். சந்தேகம் வந்தால் இரண்டு தரப்பும் சேர்ந்த குழு நேரில் வந்து வேலையைப் பார்க்கலாம், பிரிவை மாற்றலாம். பெண்களின் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றார்.

குழு வருகிறது என்றதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? முதல் நாள் சாயங்காலமே தரையைத் தேய்த்துக் கழுவினோம். எல்லாரும் துவைத்த ஏப்ரன், சீவிய தலை. ஒருத்தி ஜன்னலில் பூச்சாடிகூட வைத்தாள். விருந்தாளி வரும்போது வேர்த்து விறுவிறுத்து நிற்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. அன்றைக்கு நாங்கள் விரிப்பு உதறிய அழகைப் பார்த்தால் ஏதோ நாட்டியம் என்றே நினைத்திருப்பார்கள்.

முதலாளிகள் தரப்பில் வந்தவர் டாக்டர் ஃபெல்லிங். வைத்தியர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். பையிலிருந்து ஒரு கைத்தராசை எடுத்தார். கொக்கியில் ஈர விரிப்பு ஒன்றை மாட்டித் தூக்கிப் பார்த்தார். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

“சரி. வேலை கஷ்டமா இருக்காம்மா?” என்று ஒவ்வொருத்தியையும் கேட்டார்.

“ஏதோ ஓடுது சார்” என்றாள் முதல் ஆள்.

“ஏதோ ஓடுது” என்றாள் அடுத்தவள். நானும் அதையேதான் சொன்னேன். ஹெட்விக்கும் அதையேதான் சொன்னாள்.

ட்ரோகெ தலையில் கை வைத்துக்கொண்டார். குழு போன பிறகு எங்கள் மேல் பாய்ந்தார். “ஏன்மா, உங்களுக்கெல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா? ‘கஷ்டம்’னு ஒரே ஒரு வார்த்தை, அது வரமாட்டேங்குதா?”

வராது. அது அவருக்குப் புரியவில்லை, அவர் துறைமுக ஊர்க்காரர். எங்கள் ஊரில் ‘கஷ்டம்’ என்ற வார்த்தை கீழே போகிறவர்களுடையது. ஆள் காலையில் சுரங்கக் கூண்டில் இறங்கினால் சாயங்காலம் ஏறி வருவானா என்று நிச்சயமில்லை. அவன் திரும்பி வந்து சூப் குடிக்கும்போது, எதிரே உட்கார்ந்து எனக்கும் இன்றைக்குக் கஷ்டம் என்று எந்தப் பெண் சொல்வாள்? என் வில்லி ஏறியே வரவில்லை. பாறை சரிந்து அங்கேயே போய்விட்டான், கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அவன் போன பிறகு துணி உதறுகிற வேலையைக் கஷ்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவே இல்லை. வீட்டுத் துணியை அலசினால் விரிப்பின் ஒரு பக்கத்தை வேலிக் கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டுத் தனியாக உதறுவேன். அதைக்கூட யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

ட்ரோகெ போராடி மறு விசாரணை ஒன்று வாங்கினார். அதுவே கடைசி. அதிலும் ‘லேசு’ என்று எழுதிவிட்டால் அடுத்த ஒப்பந்தம் வரும்வரை யாரும் தொட முடியாது. அதற்குள் சுரங்கமும் மூடியிருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஊர் முழுக்கக் காய்ச்சல். ஆலையில் பாதிப் பெண்கள் படுக்கையில். ஆஸ்பத்திரித் துணியோ மலையாகக் குவிந்துவிட்டது. ஓவர்காம்ப் கெஞ்சாத குறையாக வந்து, சனிக்கிழமை உங்கள் வீட்டு ஆண்களை அனுப்புங்கள், கூலியும் உண்டு, பீரும் உண்டு என்றார். பீர் என்றதும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அலோயிஸ் முன்னால் வந்தான். கதவை அடைக்கிற தோள் அவனுக்கு.

“எங்கம்மா அந்தக் கைக்குட்டையெல்லாம்? கொண்டாங்க, ஊதி ஊதியே காய வச்சிடுறோம்” என்றான். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஹெட்விக்கை மடிக்கிற மேசைக்கு அனுப்பினார்கள். அவள் இடத்தில் அலோயிஸ் நின்றான். எதிர் முனையில் நான்.

முதலில் சும்மா முரட்டுப் பலம்தான். முறுக்கை ஒரே இழுப்பில் இழுத்தான், நான்கு விரிப்பு தரையில் விழுந்தது. விரிப்பை முஷ்டியில் பிடித்து உதறினான், நழுவி என் முகத்தில் அடித்தது.

“கரி இல்லப்பா இது, துணி” என்றேன். “கட்டைவிரலை உள்ள வச்சு மடக்கிப் பிடி. தோளால உதறாத, இடுப்பால உதறு.”

“சரிங்க மேஸ்திரி” என்று சலாம் போட்டான்.

காலைச் சிற்றுண்டி நேரம்வரை ஜோக் ஓடியது. பிறகு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. அவனிடம் பலத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த உருளை நிற்கவே இல்லை. ஒரு முறை இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினான். அதற்குள் உருளை வெறுமனே சுற்ற, மேற்பார்வைக்காரி தூரத்திலிருந்து கத்தினாள். அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் மடிக்கிற மேசைப் பக்கம் திரும்பி ஹெட்விக்கைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மதியம் பீர்ப் பெட்டியைத் திறந்தபோது அவன் புட்டியைக் கையால் தூக்காமல், மேசை விளிம்பில் வைத்துச் சாய்த்து, வாயைக் கொண்டுபோய்க் குடித்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் ஹெட்விக் வேலியோரம் வந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எர்னா, புறாக்கூண்டுக் கதவைத் திறக்கக் கை மேல போகலடி அவனுக்கு. என்னைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னான். தன் புறாவை யாரும் தொடக்கூடாதுன்னு குதிக்கிறவன்.”

“ஏதாவது சொன்னானா?”

“ஒரு வார்த்தை பேசல.” அவள் சிரிப்பு போய்விட்டது. “பதினஞ்சு வருஷமா கைக்குட்டைக்காரின்னு கிண்டல் பண்ணானே, ஒரு வார்த்தை சொன்னா என்னடி? வாயிலருந்து முத்தா உதிர்ந்துடும்?”

அந்த வாரம் முழுக்க அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

மறு விசாரணை மார்ச்சில். முதலாளி அலுவலகமும் வேண்டாம், யூனியன் அலுவலகமும் வேண்டாம், பொது இடம் வேண்டும் என்று சண்டைபோட்டு, கடைசியில் தெருமுனை மதுக்கடையின் பின்னறையைப் பிடித்தார்கள். புறாப் பந்தயச் சங்கம் கூடுகிற அறை. சுவர் முழுக்கக் கோப்பைகள், பரிசு வாங்கிய புறாக்களின் படங்கள். கணப்பு முன்னறையில் இருந்ததால் நடுக்கதவை ஒருக்களித்து வைத்திருந்தார்கள். முன்னறையில் காலை ஷிப்ட் முடித்த ஆண்கள் பீரோடு நின்றார்கள். அலோயிஸும் அங்கேதான் இருந்தான்.

ட்ரோகெ எங்களுக்குப் பாடம் எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று ‘கஷ்டம்’, ‘கஷ்டம்’ என்று சொல்லிப் பழகச் சொன்னார். நான் பழகினேன். வீட்டில் நன்றாகத்தான் வந்தது.

ஃபெல்லிங் பேனாவைத் திறந்தார். “உங்களுக்கு வேலை எப்படிம்மா இருக்கு?”

கதவிடுக்கில் கரி ஒட்டிய இமைகளோடு ஆண்கள் தெரிந்தார்கள். எனக்கு வில்லி ஞாபகம் வந்துவிட்டது. “ஏதோ ஓடுது சார்” என்றேன். ட்ரோகெ கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கடைசியாக ஹெட்விக். இன்றைக்குச் சொல்லியே தீருவேன் என்று காலையில் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவள். எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். கண் கதவிடுக்குப் பக்கம் போனது.

“கஷ்டம்னு... அப்படிச் சொல்ல முடியாது சார். ஏதோ ஓடுது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அவளை அடிக்கலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்றிருந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“அப்ப பழைய முடிவே இருக்கட்டும்” என்று ஃபெல்லிங் தாளை இழுத்தார்.

“எழுதாதீங்க சார்.”

கதவைத் தள்ளிக்கொண்டு அலோயிஸ் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“நீங்க யாரு?”

“அவ புருஷன். பியொன்டெக். கீழ கரி வெட்டுறவன்.”

“குடும்பத்தாரை விசாரிக்கிறதா இல்லைங்க.”

“நீங்க விசாரிக்க வேணாம், நானே சொல்றேன். ஒரு சனிக்கிழமை அவ இடத்துல நின்னவன் நான். கீழ ஒரு கல்லைத் தூக்கினா அதை வச்சுட்டு மூச்சு விடலாம். பக்கத்துல இருக்கிறவன் ஒரு கதை சொல்லுவான், சிரிக்கலாம். அங்க அதுவும் கிடையாது. அந்த உருளை விடாது சார்.” அவன் தொப்பியைக் கசக்கினான். “கஷ்டம். நான் சொல்றேன். அது கஷ்டமான வேலை.”

முன்னறையில் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொல்ல உரிமை உள்ளவன் சொல்லிவிட்டான்.

ஃபெல்லிங் விடவில்லை. “உங்க அனுபவம் சரிங்க. ஆனா ஒரு விரிப்போட எடையை நாங்க அளந்து பாத்திருக்கோம்...”

“ஒரு விரிப்பா? ஒரு பீர் குடிச்சா யாருக்கு சார் ஏறும்? நாள் பூரா குடிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்.”

முன்னறை குபீரென்று சிரித்தது. “ஆமா சார், எனக்கு மூணு நாள் கரண்டி பிடிக்க முடியல, பொண்டாட்டிதான் ஊட்டி விட்டா” என்று ஒருவன் கத்தினான். “உனக்கு எப்பவுமே ஊட்டித்தானடா விடுறா” என்றான் இன்னொருவன். ஃபெல்லிங்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் மனிதர்தானே. ட்ரோகெ அந்த நேரம் பார்த்து, தனி ஒரு எடையை வைத்து இல்லை, நாள் முழுக்க உடம்பு படும் பாட்டை வைத்துத்தான் பிரிவு போட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். இரண்டு தரப்பும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். கடைசியில் எங்களுக்கு மூன்றாம் பிரிவு, வண்டி தள்ளுகிறவனுக்குச் சமமாக. பின்னால் வந்த ஒப்பந்தங்களில் முதல் பிரிவையே எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

நாங்கள் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஹெட்விக் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். அலோயிஸ் பின்னாலேயே ஓடினான். ஒரே தெரு என்பதால் நானும் போனேன்.

“சனிக்கிழமையே தெரிஞ்சிடுச்சுல்ல உனக்கு?” அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“தெரிஞ்சிடுச்சு.”

“வீட்டுல வச்சு என்கிட்ட சொல்ல வாய் வரல. டை கட்டின எவன்கிட்டயோ போய்ச் சொல்ற. பதினஞ்சு வருஷமாடா நான் அதைக் கேக்கக் காத்திருந்தேன்!”

அவன் நின்றுவிட்டான். “உன்கிட்ட சொல்லிட்டு மறுநாள் காலைல உன்னை எப்படிடி அங்க அனுப்புறது? அடுத்த வருஷம் சுரங்கம் கிடையாது. நான் சும்மா உக்காந்திருப்பேன், நீ போய் அந்தத் தொட்டிக்குள்ள தலையை விடுவ. தெரிஞ்சுகிட்டே அனுப்பணும். கைக்குட்டைன்னு சொல்லிகிட்டா அனுப்பிடலாம்.”

அவள் அவனோடு சேர்ந்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனபின் அவன் கோட்டுப் பையில் தன் கையை விட்டுக்கொண்டாள். நான் ஷூக் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் பின்தங்கினேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது, யாரிடம் மறைக்க.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. உலைப்பக்கத்திலிருந்து கரித்தூள் கொண்டுவரும் காற்று இல்லாத நாள் என்பதால் தெரு முழுக்கத் துணி காயப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை ஈரத் துணியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அலோயிஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். விரிப்பின் ஒரு பக்கத்தை ஹெட்விக் பிடித்தாள், மறுபக்கத்தை அவன் பிடித்தான். தோட்டங்களில் மண்வெட்டிகள் நின்றுவிட்டன.

“அலோயிஸ், பாவாடை கட்டிக்க மறந்துட்டியா?” என்று எதிர்வீட்டுக்காரன் கத்தினான்.

அவன் கண்டுகொள்ளவில்லை. படாரென்று உதறினான்.

ஹெட்விக் தெருவுக்கே கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள். “கஷ்டமா இருக்கா?”

அவன் முகத்தை நீட்டிக்கொண்டான். “ஏதோ ஓடுது சார்.”

தெருவே சிரித்தது. நானும் வேலிக்கு இந்தப் பக்கம் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்து, கூடையிலிருந்து என் விரிப்பை எடுத்து, வழக்கம்போல ஒரு பக்கத்தை ஆணியில் மாட்டப் போனேன். அலோயிஸ் வேலியைத் தாண்டி வந்து, எதுவும் கேட்காமல், அந்த முனைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கட்டைவிரலை உள்ளே மடக்கித்தான் பிடித்திருந்தான்.